நம்பரைக் கேட்டு வாங்குங்க
(உப்பளத்தில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் பேசியது)



கம்ப்யூட்டர் படிச்சவங்களுக்குத்தான் என்று நாம் ஒதுங்கி நிற்கிறோம். நம்ம புதுச்சேரி கிராமங்களில் 1998-லேயே எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தகவல் மையங்களைத் தொடங்கியது. எம்பலத்தில் கோயில் இடத்திலேயே மையம் நடந்தது. பெண்களே நடத்தினார்கள். வீராம்பட்டினத்தில் கடல் அலையின் உயரத்தை இன்டர்நெட்டில் பார்த்து, மைக்கில் தமிழில் சொன்னார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் காதுக்கும் சேதி போச்சு. 2004 சுனாமி அன்று சிங்கப்பூரிலிருந்து வந்த போனைக் கேட்டு, நல்லவாட்டில் அந்த மைக்கில்தான் ஊரை எச்சரித்தார்கள்.

மெஷின் மட்டும் போதாது. கேட்கவும் சொல்லவும் ஆள் வேணும்.

இன்றைக்கு நிறைய மனு கம்ப்யூட்டரில்தான் போகுது. எனக்குத் தெரிந்த அக்கா ஒருத்தர் விதவை பென்ஷனுக்கு எழுதிக் கொடுத்தார். ரசீது வாங்கவில்லை. எட்டு மாசம் நடையா நடந்தார். கடைசியில், "பதிவே ஆகலையே" என்றார்கள்.

அதனால் மூன்று காரியம் செய்யுங்கள். பதிந்ததைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். மனு நம்பரோடு ரசீது வாங்குங்கள். அந்த நம்பரைக் குழு நோட்டிலும் எழுதுங்கள்.

பதில் வரலையா? 2005 தகவல் உரிமைச் சட்டப்படி, "என் மனு என்ன ஆச்சு?" என்று எழுதிக் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தரணும். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் கிடையாது.

ஒருத்தியாகப் போகத் தயக்கமா? குழுவாகப் போவோம். அடுத்த கூட்டத்துக்கு அவரவர் ரசீதோடு வாங்க.