கிராணியின் மோரிஸ் மைனர்

இன்றைக்குப் பேச்சு பழைய காரைப் பற்றி. வீட்டு முன்வாசலில் நிறுத்தி வைத்து, ஓய்வு நேரத்தில் ஒரு பழைய காரை உயிர்ப்பிப்பது என்றதும் நம் பிள்ளைகளின் மனம் நேராக அமெரிக்காவுக்குப் போய்விடுகிறது. மஸ்டாங் வேண்டும், போந்தியாக் வேண்டும், எட்டு சிலிண்டர் உறும வேண்டும்! ஆசைப்படட்டும், தப்பில்லை. ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறதே. 1964-இல் வந்த போந்தியாக் ஜி.டி.ஓ.வில் ஏறத்தாழ 6,400 சி.சி. எஞ்சின். தீபகற்ப மலேசியாவில் சாதாரணத் தனியார் காருக்குரிய சாலை வரி விகிதப்படி, 3,000 சி.சி.யைத் தாண்டினால் அடிப்படை வரி 2,130 வெள்ளி. அதற்குமேல் ஒவ்வொரு சி.சி.க்கும் நாலரை வெள்ளி. கூட்டிப் பாருங்கள், ஆண்டுக்கு 17,000 வெள்ளிக்கு மேல் வருகிறது. ஸ்டீயரிங் வேறு இடப்பக்கம். அதே விகிதத்தில் 1,098 சி.சி. மோரிஸ் மைனருக்கு 55 வெள்ளி.

ஆகவே பேராக்கில் நம்மவர் கைக்கு எட்டிய பழைய கார் என்றால் அது மோரிஸ் மைனர்தான். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அந்தக் காரைத் தெரியாமல் இருக்காது. துரைக்கு லேண்ட் ரோவர். கிராணிக்கும், மருந்து கொடுக்கும் டிரசருக்கும், பள்ளி ஆசிரியருக்கும் மோரிஸ் மைனர் அல்லது அதன் அக்காள் தம்பி மாதிரி இருக்கும் ஆஸ்டின். லயத்துப் பிள்ளைகள் செம்மண் பாதையில் அதன் பின்னால் ஓடியிருப்பார்கள். உள்ளே உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர்? பிரசவ வலி கண்ட பெண்ணை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போன நாட்களை விட்டால், அந்தக் கதவு பால் வெட்டுகிறவருக்குத் திறந்ததில்லை. தோட்டத் துண்டாடல் வந்தது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் காலியாயின. குடும்பங்கள் புந்தோங்குக்கும் குனோங் ராப்பாட்டுக்கும் சுங்கை சிப்புட் பட்டணத்துக்கும் வந்து சேர்ந்தன. 1985 ஜூலையில் புரோட்டோன் சாகா வந்ததும் மோரிஸ் மைனர் கொட்டகைக்குப் பின்னால் போயிற்று. இன்று அதைத் தேடிப் பிடித்து விலை பேசுகிறவர்களில், ஒரு காலத்தில் அதன் பின்னால் ஓடியவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

காரின் கதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ். 1948-இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. மாதிரி வண்டியைச் செய்து முடித்த பிறகு, இது ரொம்பக் குறுகலாக இருக்கிறதே என்று அதை நடுவில் வெட்டி, நான்கு அங்குலம் அகலப்படுத்திவிட்டார் மனிதர்! பானெட்டின் நடுவில் ஓடும் அந்தப் பட்டை வெட்டி ஒட்டியதன் அடையாளம். முதலாளி நஃபீல்டு பிரபுவுக்கோ காரின் தோற்றமே பிடிக்கவில்லை, உடைத்து வேகவைத்த முட்டை மாதிரி இருக்கிறது என்று கேலி செய்தார். அந்த முட்டைதான் பிரிட்டனில் பத்து லட்சத்தைத் தாண்டிய முதல் கார். 1971-இல் உற்பத்தி நின்றபோது மொத்தம் 16 லட்சத்துக்கு மேல்.

சரி, வாங்கி வந்தாயிற்று. முதலில் எதைப் பார்க்க வேண்டும்? எஞ்சினை அல்ல. கிராண்டை. வண்டி யார் பெயரில் இருக்கிறது? பல வண்டிகள் காலமாகிப்போன தாத்தா பெயரிலேயே நிற்கின்றன. வாரிசுகள் முறைப்படி அமானா ராயா போன்ற இடங்களில் உத்தரவு வாங்கிப் பெயர் மாற்றாமல் ஆயிரக்கணக்கில் செலவழித்தால், அது சொந்தமில்லாத நிலத்தில் வீடு கட்டுகிற கதை. எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் கிராண்டில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். ‘ஏ’ என்று தொடங்கும் பழைய பேராக் பதிவெண் இருந்தால் அதுவே ஒரு சொத்து.

அடுத்தது துரு. ஈப்போ மழையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இந்தக் காருக்குத் தனிச் சட்டகம் கிடையாது, உடலேதான் எலும்பு. கதவுக்குக் கீழே ஓடும் சில், நடுக் குறுக்குச் சட்டம், பின்பக்க ஸ்பிரிங் மாட்டும் இடம், இந்த மூன்றும் உளுத்திருந்தால் மேலே எவ்வளவு பளபளப்பாகப் பெயிண்ட் அடித்தாலும் வண்டி பொம்மைதான். புட்டி பூசி மறைத்து விற்கிறவர்கள் உண்டு. ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள், புட்டியில் ஒட்டாது. தகடு கிடைக்குமா என்று கவலைப்பட வேண்டாம். இங்கிலாந்தில் பாத் நகரில் மோரிஸ் மைனருக்கென்றே நிலையம் நடத்திய சார்லஸ் வேர் என்பவரின் முயற்சியால் இலங்கையில் இதன் தகடுகளைச் செய்யத் தொடங்கினார்கள். சீமைக் காருக்கு இலங்கையிலிருந்து கை கால்!

மூன்றாவது விஷயம், உயிர் விஷயம். முன் சக்கரத்தைத் தாங்கும் டிரன்னியன் என்ற மரையிட்ட மூட்டு. ஆயிரம் மைலுக்கு ஒருமுறை, அதாவது 1,600 கிலோமீட்டருக்கு ஒருமுறை, அதற்குக் கிரீஸ் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் சக்கரம் மடிந்து வண்டிக்கு அடியில் போய்விடும். நின்று திரும்பும்போது நடந்தால் அதிர்ஷ்டம். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் நடந்தால்? கிரீஸ் கன்னின் விலை எவ்வளவு, யோசியுங்கள்.

இப்போது எல்லாரும் காத்திருக்கும் கேள்வி: எஞ்சினை மாற்றலாமா? 1,098 சி.சி. எஞ்சினுக்கு 48 குதிரைத்திறன்தான். தாட்சுன் 120ஒய் எஞ்சினையும் கியர் பெட்டியையும் தூக்கி வைப்பது நம் போமன்களுக்குக் கைவந்த கலை. செய்யலாம். ஆனால் வரிசை தலைகீழாக இருக்கிறது. பழைய மைனரில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்று. ஒரு ரப்பர் குழாய் வெடித்தால் நான்கும் போச்சு, மிஞ்சுவது கைப்பிரேக். வேகத்தைக் கூட்டுகிறவர் முதலில் நிறுத்தக் கற்க வேண்டாமா? முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக், இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர், நல்ல சீட் பெல்ட். இவற்றுக்குப் பிறகு எஞ்சின். மோரிஸ் மரீனாவின் முன் அமைப்பு மைனரிலிருந்து வந்ததால் அதன் டிஸ்க் பிரேக்கைப் பொருத்துவது பலகாலப் பழக்கம். எஞ்சினை மாற்றுவதென்றால் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி முதலில், சோதனை அடுத்து, கிராண்டில் திருத்தம் அதற்கடுத்து. ‘அப்புறம் பார்த்துக்கலாம்ணே’ என்று போமன் சொல்வார். விபத்து நடந்தால் காப்புறுதி நிறுவனமும் அதையேதான் சொல்லும்.

பழைய எஞ்சினையே வைத்துக்கொள்வதுதான் அழகு. ஈயம் கலக்காத பெட்ரோலுக்கு ஏற்பத் தலைப்பகுதியில் கடினமான வால்வு இருக்கை பொருத்தினால் போதும். பேட்டரி விஷயத்தில் எச்சரிக்கை: பழைய மைனர்களில் நேர்முனைதான் உடலோடு இணைந்திருக்கும். தெரியாமல் புது ரேடியோவை மாட்டினால் புகை வரும்.

வீட்டில் செய்கிறவர்கள் இரண்டை மறக்கக் கூடாது. ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள். பழைய பிரேக் லைனிங்கில் கல்நார் இருக்கலாம், காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். பெற்றோர் இதைப் பார்த்தால் பிள்ளையைத் தடுக்க வேண்டாம், முகமூடி வாங்கிக் கொடுங்கள். 1969 முதல் ஈப்போவில் நடக்கும் உங்கு ஓமார் பாலிடெக்னிக் போன்ற இடங்களில் சேர நினைக்கும் பையனுக்கு, ஒரு மைனரைக் கழற்றி மாட்டிய இரண்டு வருடம் வீண் போகாது. தோட்டப் பட்டறையில் கைவேலை கற்ற தாத்தா வீட்டில் இருந்தால், ஸ்பேனரை அவர் கையிலும் ஒருநாள் கொடுத்துப் பாருங்கள். கிராணியின் காரைத் தொடவிடாத காலம் அவருக்கு ஞாபகம் இருக்கும்.

எல்லாம் மாட்டி முடித்துச் சாவியைத் திருப்பினால் முதலில் எஞ்சின் சத்தம் வராது. பெட்ரோல் பம்ப் டிக் டிக் என்று அடிக்கும். கார்புரேட்டர் நிரம்பியதும் தானாக நிற்கும். அது நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் ஸ்டார்ட்டரை இழுக்காதீர்கள். சாவியை அணைத்துவிட்டு, இறங்கி, எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள்.