தேகத்திற்கு ஏற்ற ஆகாரம்: அவரவர் கணக்கெழுதிக் காண வேண்டியது

(கூட்டுறவு சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கத்தின் வாசகம்)



கூட்டுறவு சங்கத்திற்குக் கடன் மனு வந்தால், நிர்வாக சபையார் எல்லோருக்கும் ஒரே தொகையை மஞ்சூர் செய்வதில்லை. மனுதாரருக்கு நிலம் எவ்வளவு, பயிர் என்ன, பழைய பாக்கி உண்டா, வாய்தாவுக்குள் திருப்பிக் கட்டும் சக்தி இருக்கிறதா என்று விசாரித்த பிறகே தொகை தீர்மானமாகிறது. அண்டை வீட்டுக்காரர் வாங்கிய தொகையைத் தாமும் வாங்கியே தீர வேண்டுமென்று ஒருவர் பிடிவாதம் செய்தால், அவர் விளைச்சல் முழுவதும் வட்டிக்கே சரியாய்ப் போகும் என்பது யாவரும் அறிந்ததே.

பண விஷயத்தில் இவ்வளவு நிதானம் உள்ளவர்கள் ஆகார விஷயத்தில் ஊரார் சொல்லைக் கேட்டு ஓடுகின்றனர். ஒருவர் அரிசிச் சோற்றை விட்டதால் தேக சுகம் பெற்றார் என்று காதில் விழுந்தவுடன் பத்துப் பேர் அரிசியை விடுகின்றனர். வேறொருவர் பால் ஆகாது என்கிறார். அவர் வீட்டுக் குழந்தைகளுக்கும் பால் நின்றுவிடுகிறது. இதில் வரும் நஷ்டம் அற்பமானதன்று. சங்கத்திற்குப் பங்குத் தொகை எப்படியோ, குடியானவருக்குத் தேகம் அப்படி. அந்த முதல் கரைந்தால் நடவுக்கும் அறுப்புக்கும் கூலியாள் தேட வேண்டும். வைத்தியச் செலவு கடனாகும். கடனுக்கு நிலம் ஈடாகும். ஆதலின், தன் தேகத்திற்கு எது ஏற்கும், எது ஏற்காது என்பதை ஒருவர் எவ்வாறு அறியலாம் என்பது ஆராயத்தக்கது.

எல்லோருக்கும் பொதுவான விதிகள்

சங்கத்திற்கு உபவிதிகள் இருப்பதுபோல ஆகாரத்திற்கும் சில பொது விதிகள் உண்டு. அவை ஆளுக்கு ஆள் மாறுவதில்லை.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜாவாத் தீவின் பட்டேவியா நகரில் எய்க்மன் என்னும் டச்சு வைத்தியர், நன்றாகத் தீட்டிய வெள்ளரிசியை மட்டுமே தின்ற கோழிகள் கால் விளங்காமல் விழுவதையும், தவிடு நீங்காத அரிசியைக் கொடுத்தால் அவை தேறுவதையும் கண்டார். மனிதர்களைப் பீடிக்கும் பெரிபெரி வியாதியின் காரணம் இதனால் விளங்கலாயிற்று. 1929-ல் அவருக்கு நோபல் பரிசு அளிக்கப்பட்டது. சென்னை மாகாணத்தில் இவ்வியாதி வடசர்க்கார் ஜில்லாக்களில் மிகுந்திருந்தது. அங்கே இயந்திரத்தில் தீட்டிய பச்சரிசி வழங்கிற்று. புழுங்கலரிசி உண்ட தமிழ் ஜில்லாக்கள் பெரும்பாலும் தப்பின. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. குன்னூரில் 1918-ல் மக்காரிசன் துரை தொடங்கிய ஆராய்ச்சி பெரிபெரியைப் பற்றியதே. அதிலிருந்து வளர்ந்த ஆராய்ச்சிசாலை 1958-ல் ஹைதராபாத்துக்கு மாறி, இப்போது தேசிய போஷணை ஆராய்ச்சி நிலையமாக விளங்குகிறது.

ஆகவே, அதிகம் தீட்டாத அரிசியோ புழுங்கலரிசியோ கொள்ளுவதும், கஞ்சியை வடித்துக் கொட்டாதிருப்பதும் முதல் விதி. வாரத்தில் சில வேளையாவது கேழ்வரகு, கம்பு, சாமை முதலியவற்றைச் சேர்ப்பது இரண்டாவது. நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்க, அதே எடையுள்ள வெள்ளரிசியில் சுமார் 10 மில்லிகிராமே உண்டு. நாள்தோறும் பருப்பும் கீரையும் உண்பது மூன்றாவது. உப்பு ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்கு உட்பட வேண்டும் என்பது நான்காவது. அது ஒரு தேக்கரண்டி அளவே. ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றிலுள்ள உப்பும் இக்கணக்கில் சேரும். சாப்பாட்டோடு தேநீர் அருந்தினால் உணவிலுள்ள இரும்புச் சத்து தேகத்தில் சேர்வது குறையும். எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் அது கூடும் என்பதையும் நினைவில் வைப்பது நலம்.

ஆளுக்கு ஆள் வேறுபடுவன

இவ்விதிகளுக்குள் நின்றே ஒவ்வொருவரும் தமக்குரிய அளவையும் வகையையும் காண வேண்டும். அண்ணன் ஏர் உழுகிறார், தம்பி பண்டகசாலையில் உட்கார்ந்து கணக்கெழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்களாயினும், அண்ணனுக்கு உழைப்பில் செலவாகும் சோறு தம்பிக்குக் கொழுப்பாகத் தேங்கும். "அண்ணன் உண்பதைத்தானே நானும் உண்கிறேன்" என்று தம்பி சொல்வது நியாயமாகத் தோன்றலாம். அண்ணன் செய்யும் வேலையை அவர் செய்வதில்லை என்பதே பதில்.

உழைப்பு ஒத்திருந்தாலும் குடல் ஒத்திருப்பதில்லை. பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் ஒரு திராவகம் குழந்தைப் பருவத்தில் எல்லோருக்கும் சுரக்கிறது. வயது வந்தபின் பலருக்குக் குறைந்துவிடுகிறது. அப்படிப்பட்டவருக்கு ஒரு டம்ளர் பால் வயிற்றுப் பொருமலையும் பேதியையும் உண்டாக்கலாம். தயிரிலும் மோரிலும் அச்சர்க்கரையில் ஒரு பகுதி புளிப்பாக மாறிவிடுவதால் அவரே மோரைச் சுகமாக அருந்தக்கூடும். இது வியாதியன்று; தேக இயல்பு.

கோதுமையைப் பற்றிய செய்தி இன்னும் ஆச்சரியமானது. சில குழந்தைகள் ஓயாத பேதியால் இளைத்து வாடுவதன் காரணம் நெடுங்காலம் தெரியவில்லை. ஹாலந்து தேசத்தில் டிக்கி என்னும் வைத்தியர், அக்குழந்தைகளுக்குக் கோதுமையே பகை என்று கருதி ஆராய்ந்து வந்தார். 1944-45 குளிர்காலத்தில் யுத்தத்தின் காரணமாக அங்கே ரொட்டி கிடைக்காமல் பஞ்சம் வந்தபோது, மற்றவர்கள் வாட, அவருடைய நோயாளிக் குழந்தைகள் தேறினர். ரொட்டி திரும்பியதும் மீண்டும் நலிந்தனர். 1950-ல் அவர் தம் முடிவை வெளியிட்டார். ஊர் முழுவதற்கும் உணவாயிருப்பது ஒருவருக்கு விஷமாகலாம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுவதில்லை. ஆனால் அந்த ஒருவருக்காக ஊர் முழுவதும் கோதுமையை விடுவதும் அறிவீனமே.

நாக்கும் ஊர்ப்பேச்சும் சாட்சியாகா

ருசிப்பதே தேகத்திற்கு ஏற்கும் என்பது சிலர் கொள்கை. இத்தாலி தேசத்தில் கொர்னாரோ என்னும் பிரபு இக்கொள்கையைத் தம் தேகத்திலேயே சோதித்துப் பொய்யென்று கண்டார். நாக்குக்கு இனித்தவற்றில் பல வயிற்றுக்கு ஒவ்வவில்லை. பிறகு நாளொன்றுக்குப் பன்னிரண்டு அவுன்ஸ் ஆகாரமும் பதினான்கு அவுன்ஸ் திராட்சரசமுமே கொண்டு சுகமாயிருந்தார். முதுமையில் உறவினர் வற்புறுத்தலால் ஒவ்வொன்றிலும் இரண்டு அவுன்ஸ் கூட்ட, சில தினங்களுக்குள் நோயில் விழுந்தார் என்று 1558-ல் வெளிவந்த தம் நூலில் எழுதியுள்ளார். அவருடைய அளவு உழவருக்குப் போதாது. அதைத் தமக்கெனத் தாமே கண்டுபிடித்த முறையே கவனிக்கத்தக்கது.

மகாத்மா காந்தியடிகள் ஆயுள் முழுவதும் ஆகாரச் சோதனைகள் செய்தவர். 1912-ல் தென்னாப்பிரிக்காவில் பாலை விட்டார். 1918-ல் கெடா ஜில்லாவில் கடுமையான வயிற்றுப்போக்கால் நலிந்து, பின்னர் ஆட்டுப்பால் அருந்த இணங்கினார். 1929-ல் சமைக்காத தானியத்தையும் பருப்பையும் உண்ணும் சோதனையை ஆரம்பித்து, அதைத் தமது 'யங் இந்தியா' பத்திரிகையில் வெளியிட்டார். சில மாதங்களில் தேகம் ஒப்பவில்லை என்று கண்டு அதைக் கைவிட்டார். கொண்ட கொள்கை எவ்வளவு பிரியமானதாயினும், தேகம் காட்டும் கணக்கு எதிராக வந்தால் கணக்கையே ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது இதனால் பெறப்படும் பாடம்.

நாள்வழி எழுதும் முறை

சங்கக் காரியதரிசி வரவு செலவை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு ஐந்தொகை போட முடியாது. ஆகாரமும் அப்படியே. ஒரு சிறு நோட்டுப் புத்தகம் போதும். எழுதத் தெரியாதவருக்குப் பள்ளியில் படிக்கும் பிள்ளை எழுதலாம்.

1. முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் எழுதிக்கொண்டு மட்டும் வர வேண்டும். உண்ட நேரம், பொருள், அளவு, அன்றைய வேலை, உண்டபின் வயிற்றின் நிலை, மலப்போக்கு, உறக்கம் ஆகியவை போதும். இடையில் கொறித்த வடையும் தேநீரில் இட்ட சர்க்கரையும் விட்டுப்போகலாகாது.

2. வாரம் ஒரு முறை, ஒரே தராசில், காலையில் வெறும் வயிற்றோடு எடை பார்த்து எழுத வேண்டும்.

3. பின்னர் சந்தேகமான ஒரே ஒரு பொருளை இரண்டு வாரம் நிறுத்த வேண்டும். பாலையும் பருப்பையும் புளியையும் ஒரே நாளில் நிறுத்தினால் எதனால் சுகம் வந்தது என்று தெரியாது.

4. சுகம் கண்டால் அத்துடன் முடிக்காமல், அப்பொருளைச் சிறிதளவில் மீண்டும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நிறுத்தியபோது நீங்கிய தொந்தரவு, சேர்த்தபோது திரும்பி வந்தால், மறுபடியும் ஒரு முறை அவ்வாறே சோதித்த பிறகுதான் "இது ஆகாது" என்று பேரேட்டில் ஏற்றலாம். அப்போதும் எவ்வளவு வரை தாங்குகிறது என்று காண்பது நலம். முழு டம்ளர் தாங்காதவருக்கு அரை டம்ளர் தாங்கலாம்.

5. நீக்கிய பொருளுக்கு ஈடு வேண்டும். பாலை நிறுத்தியவர் மோர், கேழ்வரகு, முருங்கைக்கீரை ஆகியவற்றால் அக்குறையை நிரப்ப வேண்டும். செலவை மட்டும் எழுதி வரவை எழுதாத கணக்கு தணிக்கையில் நிற்காது.

6. நடவு, அறுப்பு, திருவிழா, ஜுரம் ஆகிய காலங்களில் சோதனை தொடங்கலாகாது. அக்காலத்து உழைப்பும் உணவும் வழக்கமானவையல்ல.

முன் உண்டது செரித்ததை அறிந்து, பின் அளவோடு உண்பதையே திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் வற்புறுத்துகிறார். அவ்வறிவைத் தருவது இந்த நாள்வழியே.

சோதனை செய்யத் தகாதவர்கள்

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், குழந்தைகள் ஆகியோரிடம் இச்சோதனை கூடாது. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் என்று பருப்பு, கீரை, பழம் எல்லாவற்றையும் நிறுத்துவது பல வீடுகளில் வழக்கம். அதிக ஆகாரம் வேண்டிய காலத்தில் குறைத்துக் கொடுப்பதால் தாயின் இரத்தம் குறைந்து இரண்டு உயிர்கள் நலிகின்றன. குழந்தைக்குப் பேதியாகும்போது தண்ணீரையும் தாய்ப்பாலையும் நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தைக் கரைத்துக் கொடுத்துக்கொண்டே ஆகாரத்தையும் கொடுத்துவர வேண்டும்.

நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ கொள்ளுபவர் சோற்றைத் திடீரென்று குறைத்தால் மயங்கி விழக்கூடும். மருந்தின் அளவையும் சேர்த்து வைத்தியரே மாற்ற வேண்டும். மூத்திரக்காய் கெட்டவர்களுக்கு இளநீரும் தீங்கு செய்யலாம். நிலக்கடலை, மீன் போன்றவற்றை உண்டவுடன் உதடு வீங்கி மூச்சுத் திணறியவர் அதை மறுமுறை சோதிக்கவே கூடாது. கோதுமையில் சந்தேகம் உள்ளவர் அதை நிறுத்துவதற்கு முன்பே இரத்தப் பரீக்ஷை செய்துகொள்ள வேண்டும். நிறுத்திய பின் செய்தால் உண்மை மறைந்துபோகும். காரணமின்றி எடை குறைதல், மலத்தில் இரத்தம், தீராத அசதி ஆகியவை கண்டால் நோட்டுப் புத்தகத்துடன் ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். நோயாளி எழுதிக் கொண்டுவரும் கணக்கு வைத்தியருக்குப் பெரிய உதவி.

அங்கத்தினர்கள் தத்தம் வீட்டில் இன்றே ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியிட்டு முதல் வரியை எழுதத் தொடங்குவார்களாக. "ஆகாது" என்று தலைமுறையாக ஒதுக்கியவற்றுள் எத்தனை உண்மையில் ஆகும் என்பதும், பணம் கொடுத்து வாங்கி உண்பவற்றுள் எத்தனை ஆகாதவை என்பதும் சில மாதங்களில் விளங்கும். அதனால் மிச்சமாகும் பணத்தைச் சங்கத்தின் சேமிப்புக் கணக்கில் செலுத்திவந்தால், தேகமும் குடும்பமும் ஒருங்கே விருத்தியடையும்.