வேரடி நீர்



விதை முளைத்ததோ என்றறிய அதனைத் தோண்டிப் பார்த்துக் கெடுத்த பிள்ளைகளுள் நாமும் சேர்வோம். பல்கலைக்கழகத்துத் தாவரவியற் கூடத்திலும் நாம் செய்தது ஏறக்குறைய அதுவே. வேரைப் பிடுங்கினோம், மண் போகக் கழுவினோம், பின்பு அது நீரை எங்கே உறிஞ்சிற்று என்று வினவினோம். நீர் நின்ற இடத்தை அறிய வேரை நீரிலேயே கழுவியவர்களுக்கு என்ன விடை கிடைக்கும்?

பிடுங்காமற் பார்க்க ஒரு வழி உண்டு. 1932இல் சாட்விக் கண்டறிந்த நியூத்திரனைக் கொண்டு படம் பிடிப்பதே அது. எக்ஸ் கதிரைப் பாரமான மூலகங்களே நன்கு தடுக்கும். மின்னேற்றமற்ற நியூத்திரனோ அணுக்கருவோடு மட்டும் மோதுவது. அலுமினியத் தகட்டை எளிதில் ஊடுருவும். மணலையும் பெரும்பாலும் கடக்கும். ஆனால் யாவற்றிலும் இலேசான ஐதரசனிடம் சிதறிப்போகும். நீரில் ஐதரசன் உண்டன்றோ? ஆகவே படத்தில் நீர் நிழலாய் விழும்.

சுவிற்சர்லாந்தின் வில்லிகனிலுள்ள பௌல் செரர் நிறுவகத்தில், லூப்பின் என்னும் அவரையினச் செடியை மெல்லிய அலுமினியப் பெட்டியில் வளர்த்து இவ்வாறு படம் பிடித்தனர். கார்மினாற்றியும் தோழரும் 2010இல் வெளியிட்ட முடிபு எம்மைத் திகைக்க வைத்தது. வேர் உறிஞ்சுவதால் அதனை ஒட்டிய மண்ணே முதலில் வறளும் என்று பரீட்சையில் எழுதிப் புள்ளியும் பெற்றவர்கள் நாம். படத்திலோ, மண் உலர்ந்து வருகையில் வேரை ஒட்டிய மண்ணே அப்பாலுள்ள மண்ணிலும் ஈரமாயிருந்தது! மீண்டும் நீர் விட்டபோது நேர்மாறு. சுற்றிலும் நனைந்தது, வேரடி மட்டும் உலர்ந்து கிடந்து, மெல்ல மெல்லவே நனைந்தது. வேர் சுரக்கும் பசையே காரணம் என்பது அவர்கள் கருத்து. ஈரமுள்ளவரை அது நீரைப் பிடித்துவைக்கும். காய்ந்துவிட்டாலோ நீரை ஒட்டவிடாது.

2013இல் வெளிவந்த ஆய்வொன்று பாரநீரைத் துணைக்கொண்டது. பாரநீர் நியூத்திரனை அவ்வளவு தடுப்பதில்லை. அதனை வேரடியில் ஊட்டினால், அது வேரினுள் ஏற ஏறப் படம் வெளுக்கும். பெரும்பாலான நீரை உறிஞ்சியவை பக்க வேர்களே. நாம் பெருமையாய்ப் பேசும் ஆணிவேர் அதனை மேலே கொண்டு சென்றது.

தென்னையை இவ்வாறு பார்க்கலாமோ என்று பெரியவர் ஒருவர் எம்மிடம் கேட்டார். இயலாது. சில சென்ரிமீற்றர் தடிப்புள்ள நீரே கதிரை முற்றாக மறைத்துவிடும். சிறு செடிக்கே இது பொருந்தும். அதற்கும் அணு உலையோ பெரும் வேகவளர்கருவியோ வேண்டும். ஆகவே கூடத்தில் நாம் இன்றும் வேரைக் கழுவியே வருகிறோம். வேரோடு ஒட்டி, எளிதிற் கழலாத அந்த மெல்லிய மண்ணை மட்டும், கழுவுமுன் சற்று நின்று பார்க்கிறோம்.