பழசை மறக்கச் சொல்லாதீர்கள்



தத்தெடுத்து வந்த குழந்தைக்கு நல்ல வீடு, நல்ல துணி, வேளாவேளைக்குச் சாப்பாடு எல்லாம் இருக்கிறது. ஆனாலும் ராத்திரியில் அழுகிறது. "இங்கே இதற்கு என்ன குறை?" என்று கேட்கிறோம். பழகிய முகங்களை இழந்த துக்கம் அது.

1960களில் இங்கிலாந்தில் ஜேம்ஸ், ஜாய்ஸ் ராபர்ட்சன் தம்பதி இதைப் படம்பிடித்தார்கள். அம்மா பிரசவத்துக்குப் போனதால் 17 மாதக் குழந்தை ஜான் 9 நாள் காப்பகத்தில் இருந்தான். பணிப்பெண்கள் மாறிமாறி வந்தார்கள். ஒவ்வொருவரிடமும் ஒட்டிக்கொள்ளப் பார்த்தான், முடியவில்லை. கடைசியில் பெரிய கரடிப் பொம்மையைக் கட்டிக்கொண்டான். அம்மா வந்தபோது அவளிடம் போகாமல் வீறிட்டான்.

அதே தம்பதி, இப்படித் தாயைப் பிரிந்த வேறு 4 குழந்தைகளைத் தங்கள் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அம்மாவின் போட்டோவைக் காட்டினார்கள். அவளைப் பற்றிப் பேசினார்கள். குழந்தையின் பழக்கங்களை மாற்றவில்லை. அந்தக் குழந்தைகளும் ஏங்கினார்கள். ஆனால் ஜானைப் போல உடைந்துபோகவில்லை.

ஆகவே, தத்தெடுத்த குழந்தை கொண்டுவந்த பழைய போர்வையைத் தூக்கி எறியாதீர்கள். "பழசையெல்லாம் மறந்துடு கண்ணு" என்று சொல்லாதீர்கள். "அவங்க ஞாபகம் வருதா?" என்று கேளுங்கள், அழுதால் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய அம்மாவை நினைத்து அழுவதால் புது அம்மாவைப் பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை. இரண்டு பேருக்கும் அந்தச் சின்ன மனசில் இடம் உண்டு.