கணக்கு வந்த வழி

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



‘ஆராய்ச்சியில் கம்ப்யூட்டர்’ பற்றிப் பேசச் சொன்னார்கள். பெரிய தலைப்பு. அதில் ஒரு சின்ன மூலையை மட்டும் தொடுகிறேன். அந்த மூலையில்தான் நான் வசமாக மாட்டிக்கொண்டேன்.

2016ஆம் ஆண்டு. அப்போது நாம் விழுப்புரம் மாவட்டம். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019இல்தான். கல்வராயன் மலையில் பெய்யும் மழையில் கோமுகி அணைக்கு எவ்வளவு தண்ணீர் வரக்கூடும் என்று கணக்கிட்ட ஒரு குழுவில் கம்ப்யூட்டர் வேலை என்னுடையது. கச்சிராயபாளையம் பக்கத்து வயல்காரர்களுக்கு அணை நிரம்புமா நிரம்பாதா என்பது சோற்றுக் கேள்வி.

வேலை இப்படி. 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்கலம் 11 நாட்கள் பறந்து, பூமியின் மேடுபள்ளங்களை ராடார் மூலம் அளந்தது. அந்த உயர அளவுகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அதில் முதலில் பொய்ப் பள்ளங்களைத் தூர்க்க வேண்டும். பிறகு ஒவ்வொரு கட்டத்துத் தண்ணீரும் எந்தப் பக்கம் சரியும் என்று பார்க்க வேண்டும். அப்புறம் எங்கெங்கே எவ்வளவு சேருகிறது என்று கூட்டி, அணையின் நீர்ப்பிடிப்பு எல்லையை வரைய வேண்டும். கடைசியாக அந்த எல்லைக்குள் வானிலைத் துறையின் மழை அளவைப் போட வேண்டும். ஒரு படியின் விடைதான் அடுத்த படிக்குத் தீனி.

எல்லாம் முடித்து, வண்ணப் படமாக அச்சடித்து, சரிபார்க்க மலைக்குப் போனோம். வெள்ளிமலைக்கு மேற்கே ஒரு மேட்டில் நின்று, ஓர் ஓடையைக் காட்டி, “இது கோமுகிக்குத்தானே ஐயா போகுது?” என்று ஒரு பெரியவரைக் கேட்டேன். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இந்தத் தண்ணி அந்தாண்ட போவாது தம்பி. மேக்கால இறங்கி சேலம் பக்கம் ஓடுது.”

நடந்து போய்ப் பார்த்தோம். அவர் சொன்னதுதான் சரி.

திரும்பி வந்து கம்ப்யூட்டரைத் திறந்தால், ‘எல்லை_புதுசு’, ‘எல்லை_கடைசி’, ‘எல்லை_கடைசி_2’ என்று வரிசையாக ஃபைல்கள். எது எதிலிருந்து வந்தது? எனக்கே தெரியவில்லை. மூன்று இரவு உட்கார்ந்து துருவினேன். விஷயம் இதுதான். 2014 வரை நம் பகுதிக்குக் கிடைத்த உயர அளவு 90 மீட்டர்க் கட்டம். அதன் பிறகுதான் 30 மீட்டர் வந்தது. பழைய ஒரு கட்டத்துக்குள் புதியவை ஒன்பது அடங்கும். 90 மீட்டரில் குறுகலான பள்ளத்தாக்கு மேட்டோடு மேடாகக் கரைந்துவிடும். நான் பாதி வேலையில் புதிய அளவுக்கு மாறி, முதல் சில படிகளை மறுபடி ஓட்டியிருக்கிறேன். எல்லை வரையும் படியை ஓட்ட மறந்துவிட்டேன். பழைய எல்லைக்குள் மழையைக் கொட்டிக் கணக்குப் போட்டிருக்கிறேன். கம்ப்யூட்டர் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. அது சொல்லாது.

இந்த அவமானம் எனக்கு மட்டும் வந்ததல்ல என்று பிறகு படித்தேன், கொஞ்சம் ஆறுதல். 1970களில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீவ் ஜான்சன் என்பவர் ஒரு காலைப்பொழுது முழுக்க, ஏற்கெனவே திருத்திவிட்ட புரோகிராமில் தப்புத் தேடினாராம். திருத்திய ஃபைலை மறுபடி கம்பைல் பண்ணவில்லை, அவ்வளவுதான்! அவர் போய்ப் புலம்பிய ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976இல் எழுதியதுதான் ‘மேக்’. எந்த ஃபைல் எதிலிருந்து, எந்தக் கட்டளையால் பிறக்கிறது என்று ஒரு தாளில் எழுதுவதுபோல் எழுதிவைக்கிறோம். மூலம் மாறிய தேதி விளைவின் தேதிக்குப் பிந்தியதாக இருந்தால், அந்தப் படியையும் அதற்குப் பின்னால் உள்ளவற்றையும் மட்டும் அது தானே மறுபடி ஓட்டும். என் எல்லை ஃபைல் அன்றைக்கே மாட்டியிருக்கும்.

அதே எண்ணத்தை ஆராய்ச்சிக்கென்று வளர்த்ததுதான் 2012இல் வந்த ‘ஸ்னேக்மேக்’. மரபணு ஆராய்ச்சிக்காரர்கள் அதை விரும்பிப் பயன்படுத்துகிறார்கள். நம் ஊர் உதாரணமும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி. 2024 டிசம்பரில் வெளியிட்ட ‘தரணி’ என்ற கருமூளைத் தொகுப்பில் 5,132 சீவல்களின் படங்கள். அத்தனையையும் கையால் ஒவ்வொன்றாகத் திறந்து மூடி யார் கணக்கு வைப்பது?

கோமுகிக் கணக்கை நான் மறுபடி முதலிலிருந்து எழுதினேன். இப்போது ஒரே கட்டளையில் முழுதும் ஓடும். எந்தத் தேதியில் எங்கிருந்து இறக்கிய தரவு என்பதும் அதிலேயே இருக்கிறது. செய்த மாற்றங்களை ‘கிட்’ வைத்துக்கொள்கிறது. மூல ஃபைலில் கை வைப்பதில்லை என்று ஒரு விரதம். இவ்வளவு செய்தாலும், ஓடை எந்தப் பக்கம் போகிறது என்று மேக்குக்குத் தெரியாது. அதற்கு மலைக்குத்தான் போக வேண்டும், போகிறேன்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வருடம் புராஜெக்ட் செய்பவர்கள், ரிப்போர்ட்டோடு அந்த ஓட்டும் ஃபைலையும் சேர்த்துக் கொடுங்கள். அடுத்த வருட ஜூனியர் அதை ஓட்டி அதே எண்ணை எடுக்க முடிகிறதா என்று பார்க்கலாம். அணைக்கட்டுப் பயிற்சிக்கு என் கோமுகி ஃபைல்களைத் துறையில் கொடுத்துவிட்டுப் போகிறேன். பழைய தப்பான எல்லையும் அதில் இருக்கிறது. மணிமுக்தா அணைக்கு இன்னும் யாரும் என்னிடம் கேட்கவில்லை. எடுத்துச் செய்ய விருப்பமுள்ளவர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்னைப் பார்க்கலாம்.