மரந் தறித்தலும் கயிற்றின் வலிமையும்



வாடைக்காற்றுத் தொடங்குமுன், வீட்டையும் கிணற்றையும் நோக்கிச் சரிந்து நிற்கும் மரங்களைத் தறித்துவிடுதல் நன்று. 1978 ஆம் ஆண்டு நவம்பரிற் கிழக்குக் கரையைத் தாக்கிய சூறாவளி தென்னைகளைச் சாய்த்ததை மட்டக்களப்புப் பகுதியார் அறிவர். ஆயினும் மரந் தறிக்கப் புறப்படுவோர் கோடரியைத் தீட்டுகின்றனரேயன்றிக் கயிற்றை நோக்குவதில்லை. மாடு கட்டிய கயிறும் கிணற்றில் நனைந்து இற்ற கயிறும் மரத்தில் ஏறுகின்றன. கீழே நிற்பவரோ உங்கள் மகன் அல்லது அயலவர்.

முதலிற் பாரத்தை மதிப்பிடுக. பச்சை மரம் ஏறத்தாழ நீரளவு பாரமுடையது. 30 சென்ரிமீற்றர் விட்டமும் 1 மீற்றர் நீளமுமுள்ள குற்றி சுமார் 70 கிலோகிராம் இருக்கும். விட்டம் 60 சென்ரிமீற்றராயின் பாரம் இருமடங்கன்று. நான்கு மடங்காகி 280 கிலோகிராமை எட்டும்.

12 மில்லிமீற்றர் மணிலாக் கயிறு புதிதாயிருக்கையிற் சுமார் 1,000 கிலோகிராமில் அறும். அதனால் 1,000 கிலோகிராமை ஏற்றலாமென எண்ணற்க. முடிச்சிட்ட இடத்தில் வலிமை பாதியளவாகக் குறையக்கூடும். பழமையும் தேய்வும் மேலுங் குறைக்கும். பத்திலொரு பங்காகிய 100 கிலோகிராமே பாதுகாப்பான அளவு. அதே தடிப்புள்ள தும்புக் கயிறு மிக மெலிது. வேலி கட்ட உதவும், கொப்பு இறக்க உதவாது. நைலோன் வலிது, ஆனால் இழுபடும். அறுந்தாற் சாட்டைபோல் திரும்பி அடிக்கும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் நீலநிறப் பிளாத்திக்குக் கயிறு வெயிலிற் கிடந்தால் வலுவிழக்கும்.

கப்பி பாரத்தைக் குறைக்குமென்பது பலரது நம்பிக்கை. மேற்கொப்பிற் கட்டிய ஒற்றைக் கப்பி இழுக்குந் திசையை மாற்றுமேயன்றிப் பாரத்தைக் குறையாது. ஒருபுறம் 100 கிலோகிராம் தொங்க, மறுபுறம் அதே அளவு இழுவை இருத்தலால், கப்பியைத் தாங்கும் கொப்பின்மேல் ஏறத்தாழ 200 கிலோகிராம் விழும். ஆகவே உளுத்த கொப்பிற் கப்பியைக் கட்டற்க. கயிற்றைக் கையாற் பிடியாது, அடிமரத்தில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, உராய்வினால் மெல்ல இறக்குக.

இவையெல்லாவற்றிலுங் கொடியது திடீர் அதிர்ச்சி. வெட்டிய துண்டு ஒரு மீற்றர் விழுந்த பின் கயிற்றில் நிற்குமாயின், அதன் பாரத்திலும் பன்மடங்கு விசை கயிற்றிலே தாக்கும். கப்பியை வெட்டுமிடத்திற்கு மேலே கட்டிக் கயிற்றைத் தளர்வின்றி வைத்தால் துண்டு விழாது, தொங்கும். மேலே தகுந்த கொப்பு இல்லையெனிற் சிறு துண்டுகளாக வெட்டுக. நேரம் அதிகமாகும், ஆகட்டும்.

முழு மரத்தையுஞ் சாய்ப்பதாயின், இழுப்போர் மரத்தின் உயரத்தைப்போல் இருமடங்கு தூரத்தில் நிற்றல் வேண்டும்; 20 மீற்றர்த் தென்னைக்கு 40 மீற்றர். கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ சுற்றிக்கொள்ளலாகாது. மின்கம்பி அருகே சென்றால் வேலையைத் தொடங்காது மின்சார அலுவலகத்திற்கு அறிவிக்குக.

வேலைக்குமுன் கயிற்றின் புரிகளை ஆங்காங்கே பிரித்துப் பார்க்குக. உள்நார் தூளாக உதிர்ந்தாலோ உக்கல் மணம் வீசினாலோ அக்கயிறு மரத்திற்காகாது. நல்ல கயிற்றை நிழலில் உலர்த்தி, பசளை மூடைகளுக்கும் கிருமிநாசினிக்கும் அப்பால் தொங்கவிடுக.

பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவை 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரம் வெட்டுதற் கட்டுப்பாட்டுச் சட்டத்திற்கு உட்பட்டவை. அவற்றைத் தறிப்பதாயின் பிரதேச செயலகத்தில் முன்னரே அனுமதி பெறுக.