“நாங்கள் சமாளிக்கிறோம்” என்று சொல்லாதீர்கள்!

(இங்கிலாந்திலிருந்து விடுமுறையில் வந்த அன்பர் ஒருவர் யாழ்ப்பாணக் கிராமமொன்றின் வாசிகசாலையில் ஆற்றிய உரை)



இலண்டன் மாநகரின் சிறப்புகளைப் பற்றிப் பேசும்படி வாசிகசாலையார் கேட்டார்கள். அதைப் பேசப் பலர் இருக்கிறார்கள். இந்த ஊரில் கடல் கடந்து போன பிள்ளையோ சகோதரமோ இல்லாத வீடு அரிது. அங்கிருந்து தொலைபேசியில் வரும் செய்திகளிலே வேலை உண்டு, வீடு வாங்கியது உண்டு, பட்டமளிப்பு உண்டு. ஒரு செய்தி மட்டும் வருவதில்லை. வளர்ந்த மகன் ஒருவன் அறைக்குள்ளேயே இருக்கிறான், தாயில்லாமல் அவனால் ஒருநாள் கழிக்க முடியாது என்ற செய்தியை எவரும் சொல்வதில்லை. அந்தச் செய்தியைத்தான் நான் பேச வந்திருக்கிறேன். என் சொந்தத் தமக்கையின் வீட்டுச் செய்தி அது. அவருடைய அனுமதியோடும் அவர் மகனுடைய அனுமதியோடுமே சொல்கிறேன்.

மருமகன் கணிதத்தில் பட்டம் பெற்றவன். வருமானவரிக் கணக்கொன்றைக் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் பிழையின்றி முடித்துத் தருவான். ஆனால் பசித்தால் எழுந்து சமைக்க வேண்டும் என்பது அவனுக்குத் தோன்றுவதில்லை. அடுப்பை மூட்டினால் அணைக்க மறப்பான். கடிதம் வந்தால் உறையைப் பிரிக்க அஞ்சி மேசையில் அடுக்கி வைப்பான். முன்பின் தெரியாத ஒருவர் கதவைத் தட்டினால் அன்று முழுவதும் அவனுக்குப் பேச்சு வராது. இருபத்துநான்காம் வயதிலேதான் அவனுக்கு ஓட்டிசம் உண்டென்று வைத்தியர் எழுதிக் கொடுத்தார்.

ஓட்டிசம் பைத்தியமன்று, கிரக தோஷமுமன்று. ஒளியையும் ஓசையையும், பிறர் பேச்சையும் முகக்குறிப்பையும் மூளை ஏற்றுக்கொள்ளும் விதம் பிறவியிலேயே வேறாக அமைவது அது. அமெரிக்காவில் லியோ கன்னர் என்ற வைத்தியர் 1943இல் அதனை விவரித்து எழுதினார். பின்வந்த ஆண்டுகளில், தாய் அன்பு காட்டாததால் வந்த வினை என்று கற்றவர்களே எழுதினார்கள். எத்தனையோ தாய்மார் அந்தப் பழியைச் சுமந்து செத்தார்கள். அந்தப் பழியை உடைத்தவர்களுள் முக்கியமானவர் இலண்டன் மனநல வைத்தியர் லோர்னா விங். அவரே ஓட்டிசம் உள்ள ஒரு மகளின் தாய். 1962இல் மற்றப் பெற்றோருடன் சேர்ந்து அவர் ஒரு சங்கம் நிறுவினார். 1979இல் ஜுடித் கூல்ட் என்பவருடன் சேர்ந்து, கம்பர்வெல் பகுதிப் பிள்ளைகளை ஆராய்ந்த முடிவுகளை வெளியிட்டு, கன்னர் கண்டதைவிட இந்த இயல்பின் எல்லை மிக அகன்றது என்று காட்டினார்.

பிள்ளை வளர்ந்துவிடும், ஓட்டிசம் அவனை விட்டுப் போகாது. பள்ளிக்கூடத்தோடு உதவியும் முடிந்துபோனால் அந்த இளைஞன் என்ன செய்வான்? 2009இல் பாராளுமன்ற உறுப்பினர் ஷெரில் கில்லன் தனி உறுப்பினர் மசோதாவாகக் கொண்டுவந்த ஓட்டிசச் சட்டம் நிறைவேறியது. ஒரே ஒரு குறைபாட்டுக்கென்று இங்கிலாந்தில் எழுந்த சட்டம் அது. வளர்ந்தோரை மனத்திற்கொண்டே எழுந்தது. அதன்கீழ் வந்த வழிகாட்டலிலே ஒரு வசனம் உண்டு. அறிவுத்திறன் கூடியவர் என்ற காரணத்தால் ஒருவருக்குத் தேவை மதிப்பீட்டை மறுக்கக்கூடாது என்பது அது. என் மருமகனைப் போன்ற பட்டதாரிகளுக்காகவே எழுதப்பட்டதாக எனக்குத் தோன்றும்.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன்.

2016இல் உள்ளூராட்சிச் சபையிலிருந்து ஒரு பெண் உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்தார். நல்லவர், ஆனால் அவசரக்காரர். தமக்கைக்கு ஆங்கிலம் போதாது. மொழிபெயர்க்க நான் அமர்ந்தேன். “சமைப்பீரா?” என்று மருமகனைக் கேட்டார். “ஆம்” என்றான். பொய்யன்று, முட்டை அவிப்பான். “குளிப்பீரா?” “ஆம்.” அதுவும் பொய்யன்று, தாய் மூன்று முறை சொன்னால் குளிப்பான். “தனியே வெளியே போவீரா?” “ஆம்.” வாரத்தில் ஒருநாள், ஒரே கடைக்கு, ஒரே தெருவால் போவான். கேட்ட கேள்விக்கு அளந்து விடை சொல்வது அவன் இயல்பு. பின்பு உத்தியோகத்தர் தமக்கையின் பக்கம் திரும்பி, வீட்டிலே சிரமம் ஏதும் உண்டா என்றார். “நாங்கள் சமாளிக்கிறோம் என்று சொல்லு, தம்பி” என்றார் தமக்கை. அதை ஒரு சொல்லும் குறையாமல் ஆங்கிலத்திலே சொன்னவன் நான். தேநீரும் வடையும் கொடுத்து அனுப்பினோம். மூன்று வாரத்தில் கடிதம் வந்தது: உதவி பெறத் தகுதி இல்லை.

பட்டதாரி என்று கேட்டவுடன் பேனாவை மூடியது அந்த உத்தியோகத்தரின் தவறு. ஆனால் பாதித் தவறு எங்களுடையது. தமக்கைக்கு ஒரு மகளும் உண்டு. அப்பொழுது அவளுக்குக் கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. தமையனுக்கு ஒரு குறை என்று வெளியிலே தெரிந்தால் என்ன ஆகும் என்பதை இந்த மண்டபத்தில் நான் விளக்க வேண்டியதில்லை. இன்னொன்றும் உண்டு. இந்த ஊரிலே பொதுசன உதவிப் பணத்தைப் ‘பிச்சைச் சம்பளம்’ என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். அரசாங்கத்திடம் கை நீட்டுவது குடும்பத்துக்கு இழுக்கென்ற எண்ணத்தை விமானத்தில் ஏறும்போது நாங்கள் இறக்கி வைத்துவிட்டுப் போகவில்லை.

இரண்டு ஆண்டுகள் சென்றன. 2018இல் தமக்கைக்குப் பித்தப்பைச் சத்திரசிகிச்சை. ஐந்து நாள் ஆசுபத்திரியில் இருந்தார். நான் வேறு நகரத்தில் வேலையாயிருந்தேன். குளிர்ப்பெட்டி நிறையச் சமைத்து வைத்துவிட்டே போயிருந்தார். நாள்தோறும் நான் மருமகனைத் தொலைபேசியில் அழைத்து, “சாப்பாடு இருக்கிறதா?” என்று கேட்பேன். “இருக்கிறது” என்பான். மூன்றாம் நாள் நேரிற் போனேன். அவன் நாற்காலியில் நடுங்கிக்கொண்டிருந்தான். இரண்டு நாளாக பிஸ்கட்டும் தண்ணீருமே உட்கொண்டிருந்தான். பாத்திரங்கள் வைத்தது வைத்தபடி இருந்தன. “ஏன் தம்பி சாப்பிடவில்லை? இருக்கிறது என்றாயே!” என்று உரத்துக் கேட்டேன். “இருக்கிறதா என்றுதானே கேட்டீர்கள், மாமா” என்றான்.

அன்றிரவு நான் உறங்கவில்லை. விடிந்ததும் சட்டத்தைத் தேடிப் படித்தேன்.

பெரியோர்களே, ஏழைகளை வேலைவீடுகளில் அடைத்த பழைய ஏழைகள் சட்டத்தை இங்கிலாந்து 1948இல் முடிவுகட்டியது. அந்த 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு வந்ததே 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம். 2015 ஏப்பிரலில் நடைமுறைக்கு வந்தது. அதன் 9ஆம் பிரிவைக் கேளுங்கள். வளர்ந்த ஒருவருக்குப் பராமரிப்புத் தேவை இருக்கக்கூடும் என்று தோன்றினாலே சபை அவருடைய தேவையை மதிப்பிட்டாக வேண்டும். தேவை சிறிதா பெரிதா, கையிற் பணம் உண்டா இல்லையா என்று வாசலிலே நிறுத்தி வைத்துக் கேட்க முடியாது. வைத்தியரின் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அங்கே இல்லை. 10ஆம் பிரிவு, பராமரிக்கும் தாய்க்கும் தனி மதிப்பீடு தருகிறது. இதிலே பிச்சை எங்கே வந்தது? சபைக்குக் கடமையென்றால் நமக்கு அது உரிமையல்லவா?

மதிப்பீட்டிலே பத்துக் காரியங்களைப் பார்க்கிறார்கள். உணவு, உடற்சுத்தம், மலசலம், உடை, வீட்டில் ஆபத்தின்றி நடமாடுதல், வீட்டை வாழத்தக்கதாக வைத்திருத்தல், உறவும் நட்பும், கல்வியும் வேலையும், பேருந்து முதலிய ஊர் வசதிகளைப் பயன்படுத்தல், தன் குழந்தையைப் பராமரித்தல். தம் குறைபாட்டினால் இவற்றுள் இரண்டையாவது செய்ய இயலாமல், அதனால் வாழ்வு பெரிதும் பாதிக்கப்பட்டால் தகுதி உண்டு.

‘இயலாது’ என்பதற்கு 2015ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் சொல்லும் பொருள்தான் எங்கள் கண்ணைத் திறந்தது. அறவே செய்ய முடியாமை மட்டும் இயலாமை அன்று. பிறர் துணையோடுதான் முடியும் என்றாலும் இயலாமை. தனியே செய்தாலும் மிகுந்த வேதனையோ பதற்றமோ உண்டானால் இயலாமை. தனக்கோ பிறருக்கோ ஆபத்து வந்தால் இயலாமை. வழக்கத்துக்கு மிஞ்சிய நேரம் பிடித்தாலும் இயலாமையே. தூண்டிவிடுவதும் துணையில் அடங்கும். மூன்று முறை சொன்ன பிறகு குளிப்பவன், சட்டத்தின் கண்ணில் தானாகக் குளிப்பவன் அல்லன்!

தமிழ்க் குடும்பங்கள் மனத்திற்கொள்ள வேண்டியது மற்றொன்று. தகுதியைத் தீர்மானிக்கும்போது தாய் செய்துகொடுக்கும் உதவியைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்பது விதி. தாய் இல்லையென்றே வைத்துப் பார்க்க வேண்டும். நாங்களோ தாயையும் சேர்த்துக் காட்டி, சமாளிக்கிறோம் என்றோம்.

இரண்டாம் முறை விண்ணப்பித்தபோது இரண்டு வாரக் குறிப்பேடு எழுதினோம். காலை எத்தனை முறை எழுப்பியது, யார் சோறு போட்டது, எந்தக் கடிதம் எத்தனை நாள் பிரிக்கப்படாமல் கிடந்தது என்று எல்லாம் அதில் இருந்தன. எழுதும்போது தமக்கை அழுதார். மகனைக் காட்டிக்கொடுப்பதாக நினைத்தார். மகனோ குறிப்பேட்டை வாங்கி நேரங்களைத் திருத்திக் கொடுத்தான்! கேள்விகளை முன்கூட்டி எழுத்தில் அனுப்பும்படி 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தைக் காட்டிக் கேட்டோம், அனுப்பினார்கள். மொழிபெயர்ப்பாளரையும் சபையிடமே கேட்டோம். என் நாவை நான் நம்பவில்லை. துணைநிற்க உறவினர் எவரும் இல்லாமல், கேள்விகளை விளங்கி விடை சொல்வதிலும் மிகவும் இடர்ப்படுகிறவருக்கு, அவர் சார்பிற் பேசச் சுயாதீனமான ஒருவரைச் சபையே ஒழுங்குசெய்ய வேண்டும் என்று 67ஆம் பிரிவு சொல்கிறது. தனித்திருக்கும் பிள்ளைகளுக்கு இது பெரிய ஆறுதல்.

பணத்தைப் பற்றியும் சிலர் அஞ்சுகிறார்கள். கணக்கிடப்படுவது உதவி பெறுபவரின் சொந்த வருவாயும் சேமிப்பும் மட்டுமே. தாய் தந்தையரின் வீடும் வங்கிப் பணமும் அதிற் சேரா. அவர் உழைக்கும் சம்பளத்தையும் எடுப்பதில்லை. சேமிப்பு 23,250 பவுணுக்கு மேற்பட்டால் செலவை அவரே ஏற்கவேண்டும்; 14,250 பவுணுக்குக் குறைந்தால் சேமிப்பைத் தொடமாட்டார்கள். 2010இல் வைத்த இந்த எல்லைகளை 2025 வரை உயர்த்தவில்லை என்பது வேறு வழக்கு.

எல்லாம் பாலும் தேனுமாய் நடக்கும் என்று நான் சொல்லவில்லை. சபைகளிடம் பணம் போதாது. மாதக்கணக்கிற் காத்திருக்க நேரும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரவேண்டும் என்பது சட்டம். அந்தக் காகிதத்தை வாங்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள். முதலில் சபையிடம் முறைப்பாடு. அங்கே நீதி கிடைக்காவிட்டால் உள்ளூராட்சிக்கும் சமூகப் பராமரிப்புக்கும் உரிய குறைகேள் அதிகாரியிடம், விடயம் தெரிந்து 12 மாதத்துக்குள், எழுதலாம். 2016இல் வந்த கடிதத்தை நாங்கள் அலுமாரியில் வைத்துப் பூட்டினோம்.

நம் நாட்டிலும் ஊனமுற்றோர் உரிமைக்கு 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதைப் பற்றிப் பேச என்னிலும் தக்கவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். ஒருநாள் அவர்களை அழையுங்கள்.

மருமகனுக்கு வாரம் எட்டு மணி நேரத் துணை கிடைத்தது. அதைப் பணமாகவே வாங்கி, அவனே பேசித் தேர்ந்தெடுத்த ஓர் இளைஞனை வைத்திருக்கிறான். அவன் சமைத்துக் கொடுப்பதில்லை. பக்கத்தில் நின்று, அடுத்தது என்ன என்று கேட்பான். கடிதங்களை இருவருமாக வியாழக்கிழமைகளிற் பிரிக்கிறார்கள். தமக்கை இவ்வாண்டு முதன்முறையாக அவனை விட்டு இந்த ஊர்த் திருவிழாவுக்கு வந்தார். அதோ, பின்வரிசையில் இருக்கிறார்.

அந்தப் பத்துக் காரியங்களையும், ‘இயலாது’ என்பதன் பொருளையும் தமிழில் எழுதி நாற்பது பிரதிகள் கொண்டுவந்திருக்கிறேன். வாசலில் மேசைமேல் இருக்கின்றன. யாருக்கு வேண்டும் என்று கேட்கமாட்டேன். போகும்போது எடுத்துச் செல்லுங்கள்.